முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை

தேன்மெழுகு உருகி முடிவதற்குள் வடிவு பேசி முடித்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி வடிவு போனை எடுத்தால் லேசில் வைக்கிற ஆள் கிடையாது. கோவில்பட்டியில் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பது வரைக்கும் தூத்துக்குடியில் இருக்கிற அன்னக்கனிக்குச் சொல்லியாக வேண்டும் அவளுக்கு. இன்றைக்கு அப்படி இல்லை. "மதினி, சுபிக்கு மூஞ்சியெல்லாம் பொத்துப்போச்சு," என்றாள். "கழுத்து, ரெண்டு கை, எல்லாம் கொப்புளம். நீர் கோத்துக்கிட்டு நிக்கி. முந்தாநாள் ஹாக்கி மேட்ச் ஆடிட்டு வந்தா. நேத்துச் செவந்து கெடந்துச்சு, ராத்திரியில இருந்து எரியுது எரியுதுன்னு ஒரே அழுகை. காலையில தோல் டாக்டர்கிட்ட காமிச்சோம். எதாச்சும் தடவுனியாம்மான்னு கேட்டாரு, இல்லன்னுட்டா. அப்போ வெயில் ஒவ்வாமதான்னு சொல்லிட்டாரு. இனிமே அவ வெளையாடப் போகமாட்டா. உங்க தம்பி சாயங்காலம் கோச் சாருக்குப் போன் போட்டு, கேம்ப்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லிருவாக." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வெயில்ல கறுக்கக் கூடாதுன்னு நீங்க அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு குடுத்தீங்க. அந்தக் க்ரீமை அவ போடவே இல்லையாம் மதினி, பையிலயே மறந்து வச்சிட்டாளாம். நல்லவேள, முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல." அதோடு வைத்துவிட்டாள். அடுப்பில் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டி, அதற்குள் எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெயும் மெழுகும். அன்னக்கனியின் கை யாரோ சொல்லிவிட்டுப் போன மாதிரி மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தது. கிண்டிக்கொண்டிருந்ததும் தம்பி மகள் சுபிக்குத்தான். முகாமுக்கு எடுத்துக்கொண்டு போவதற்காக, ஒரு மாதத்துக்குத் தாங்குகிற அளவு.

போடவே இல்லையாம். அந்த ஒரு சொல்லை அவள் மனசு முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. போடவில்லை, அதனால்தான் பொத்துவிட்டது. போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, உடனே சீ என்று ஆகிவிட்டது. பச்சைப் பிள்ளை எரிச்சலில் துடிக்கிறது, நான் என் க்ரீமுக்குக் கெட்ட பேர் வரவில்லை என்று நிம்மதிப்படுகிறேனே, நான் என்ன பிறவி. பச்சைப் பிள்ளை என்ன, பதினேழு முடியப்போகிறது, இருந்தாலும் அன்னக்கனிக்கு அது பச்சைப் பிள்ளைதான். ஏன் போடவில்லை கழுதை? எத்தனை தடவை சொன்னேன். விளையாடப் போறதுக்கு அரைமணி நேரத்துக்கு முன்னாடி போடணும், காது மடலை விடாதே, வேர்த்தால் திரும்பப் போடு. மறந்துட்டாளாம். மட்டையை மறக்கமாட்டாள், ஷூவை மறக்கமாட்டாள், க்ரீமை மட்டும் மறந்துட்டாளாம். அந்த க்ரீமை நம்பித்தானே எல்லாமே நின்றது. பொங்கலுக்குப் போயிருந்தபோது வடிவு வீட்டில் நடந்த கூத்து இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளை மாவட்ட அணியில் ஆடிவிட்டுக் கோப்பையோடு வந்து நிற்கிறாள், வடிவு கோப்பையைப் பார்க்கவில்லை, பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள். "கரிக்கட்ட மாதிரி வந்து நிக்கிறதப் பாருங்க மதினி. இன்னும் ரெண்டு வருசத்துல நாலு பேர் வந்து பாக்கணும்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பா?" தம்பி பொன்ராஜ் வழக்கம்போல டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அன்னக்கனியும் ஒன்றும் சிவப்பு இல்லை. அவளை மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்க் கடிதம் போடாமல் இருந்தார்கள், நாலாவதாக வந்தவர் ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டார், இன்றைக்குத் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரி தோசை சுடக்கூட உதவுகிறார். அதையெல்லாம் வடிவிடம் சொன்னால் எடுபடாது. அதனால்தான் அவள் வேறு மாதிரிக் கேட்டாள். "கறுக்காம பாத்துக்கிட்டா வெளையாட விடுவியா?" "கறுக்காம இருந்தா நான் ஏன் மதினி தடுக்கப்போறேன்?" "சரி, அது என் பொறுப்பு." பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கடை க்ரீம் போட்டால் வேர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கிறது என்று பிள்ளை சொல்கிறது. வடிவுக்கோ கெமிக்கல் என்றாலே பயம். அப்புறம் என்ன, வீட்டிலேயே செய்துவிட வேண்டியதுதான் என்று இறங்கிவிட்டாள்.

மெழுகு முக்கால்வாசி கரைந்துவிட்டது. நடுவில் ஒரு சின்னக் கட்டி மட்டும் அடம்பிடித்துக்கொண்டு மிதந்தது. அதை அழுத்தினாள், விலகிப் போனது, திரும்ப அழுத்தினாள். இதற்கு மேல் கேரட் துருவிக் காய்ச்சிய எண்ணெய், அதற்கு மேல் ஜிங்க் ஆக்சைடு பவுடர், அது மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசியாக ஆறினபிறகு வாசனைக்கு வெட்டிவேர்த் தைலம். செய்முறை வீடியோவில் பார்த்ததுதான், ஆனால் பார்த்ததை அப்படியே செய்கிற பழக்கம் அவள் கைக்கு என்றைக்கும் கிடையாது. ரசம் வைத்தாலும் தன் பங்குக்கு எதையாவது ஒன்றைப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல. இது ஏன் இப்போது வருகிறது? வடிவு போகிற போக்கில் சொன்னது. நல்லவேளை, முழங்காலுக்கு ஒண்ணும் ஆகல. நல்லதுதானே. ஹாக்கி ஆடுகிறவளுக்கு முழங்கால் முக்கியம். அதற்காகச் சொல்லியிருப்பாள். ஆனால் வடிவுக்கு ஹாக்கியைப் பற்றி என்ன அக்கறை? அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். முகம், கழுத்து, கை; முழங்கால் இல்லை. பெண் பிள்ளைகளுக்குக் குட்டைப் பாவாடை மாதிரி ஒரு நிக்கர், கீழே முட்டிக்குக் கீழ்வரை சாக்ஸ். நடுவில் முழங்கால் திறந்துதான் கிடக்கும். போன வருஷம் அன்னக்கனி மைதானத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளே, அந்த வெயிலில் கல் பெஞ்சில் உட்கார முடியவில்லை, சேலையை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளை குனிந்து குனிந்து ஓடும்போது அந்த இரண்டு முழங்காலும் பளபளவென்று வேர்வையில் மின்னின. அதே வெயில். அதே மைதானம். அதே தோல். வெயில் என்ன ஆள் பார்த்து, இடம் பார்த்து, முகத்தில் மட்டும் அடிக்குமா? கட்டி கரைந்துவிட்டது. அவள் கரண்டியை எடுக்காமல் நின்றாள். வெயிலுக்கு முழங்கால் தெரியாதா?

குனிந்து ஆடுவதால் நிழல் விழுந்திருக்கும் என்றது மனசு. நிழலா, நடு மைதானத்திலா, போடி. புழுதி அப்பியிருக்கும். புழுதி அப்பினால் முகத்திலும்தான் அப்பும். முகத்துத் தோல் மெலிசு. அப்படியானால் கைக்கு ஏன்? சுற்றிச் சுற்றி வந்து அதே முழங்காலில் போய் இடித்துக்கொண்டு நின்றது. முழங்காலுக்கு யாரும் க்ரீம் போடமாட்டார்கள். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முந்தாநாள் சுபி அனுப்பின படத்தை அன்றைக்கே பார்த்தாள், பார்த்துவிட்டு ஒரு பூவை அனுப்பினாள், கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இப்போது விரித்துப் பார்த்தாள். மைதானத்து வேலி ஓரம், தோளில் மட்டை, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. முகம் சாம்பல் பூசினது போல வெளுத்து, லேசாக மஞ்சள் ஓடிப்போய், கழுத்தில் வழித்த கோடு தெரிகிறது, கையிலும் அப்படித்தான். கீழே எழுதியிருக்கிறாள்: அத்தை, போட்டாச்சு, பேய் மாதிரி இருக்கேன். போட்டிருக்கிறாள். மறக்கவில்லை. காது மடலைக்கூட விடவில்லை. அப்புறம் ஏன் தாயிடம் இல்லை என்றாள்? அதற்கும் கீழே ஒரு குரல் செய்தி கிடந்தது, காலையில் வந்தது; பாத்திரம் கழுவுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. அழுத்தினாள். உதடு வீங்கினவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது குரல். "அத்தை, அம்மா உங்களுக்குப் போன் போடுவா. க்ரீம் போட்டேன்னு சொல்லிராதீங்க. நான் போடவே இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லன்னா உங்களைத்தான் வைவா, ஒண்ணுக்கும் ஆகாத க்ரீமைச் செஞ்சு குடுத்தான்னு. க்ரீம் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. கண்ணு எரியவே இல்ல. என் தோலுதான் வெயிலுக்கு ஆகல போல. அம்மா சொன்னது சரிதான். கேம்புக்குப் போகல. நீங்க வருத்தப்படாதீங்க." அவ்வளவுதான் செய்தி. கடைசியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அன்னக்கனி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் என்ன போட்டேன்? மெழுகு ஒன்றும் செய்யாது, உதட்டுக்குப் போடுகிறார்களே. தேங்காய் எண்ணெய் பிறந்த நாள் முதல் பூசுகிறோம். ஜிங்க் பவுடர், கைக்குழந்தைக்குப் போடுகிற பவுடரில் இருக்கிறது. கேரட்டைத் தின்னவே தின்கிறோம். போன மாதம் சின்ன டப்பாவில் செய்து கொடுத்தாளே முதல் தடவை, அது ஒன்றும் செய்யவில்லையே, சுபி இரண்டு வாரம் பூசினாள், நன்றாக இருக்கிறது அத்தை என்றாள். அதிலும் இதெல்லாம் இருந்தது. இரண்டாவது தடவை செய்ததில்தான், கை சும்மா இராமல், அவள் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். சேர்த்தது அதோ மேல்தட்டில், கண்ணாடி ஜாடியில், எண்ணெய்க்குள் கறுப்பு விதைகளாக அடியில் படிந்து கிடக்கிறது. கார்போகரிசி. அவள் குளியல் பொடி அரைக்கும்போது கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, பாசிப்பயறு எல்லாவற்றோடும் ஒரு பிடி போடுகிற அதே கார்போகரிசி. தோலுக்கு அவ்வளவு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொடியில் நல்லதென்றால் க்ரீமிலும் நல்லதுதானே என்று நல்லெண்ணெயில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் வெயிலில் வைத்து எடுத்தாள். எவ்வளவு சந்தோஷமாக வைத்தாள், காக்கை தட்டிவிடக் கூடாதென்று மேலே கல்லை வேறு வைத்தாள். பொடியைத் தேய்த்துக் குளித்தால் தண்ணீரோடு போய்விடுகிறது. இது போகாது. இது தோலிலேயே நிற்கும், நிற்பதற்காகத்தானே மெழுகு போட்டேன். எழுந்து ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தாள். காரமாக, கொஞ்சம் கசப்பாக ஒரு வாடை. அந்த வாடை மூக்கில் ஏறினதும் அவளுக்கு ராசாத்திச் சித்தி வந்துவிட்டாள். வருஷக்கணக்காக நினைக்காத சித்தி. கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, முழுக்கை ரவிக்கையோடு திரிந்த சித்தி. வைத்தியர் ஒரு எண்ணெய் கொடுத்திருந்தார், இதே வாடை, இதே கறுப்பு விதை அடியில். அதைத் திட்டின்மேல் மட்டும் தொட்டு வைத்துக்கொண்டு காலை வெயிலில் கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள், உடனே கழுவிவிடுவாள். எதற்கு வெயிலில் உட்காருதீங்க சித்தி என்று பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழிச் சோழியை உருட்டிக்கொண்டே அன்னக்கனி கேட்டாள். "இந்த எண்ணெய் வெயிலை இழுக்கும்டி. இழுத்தாத்தான் தோலு திரும்பக் கறுக்கும்." ஒருநாள் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்ற அவசரத்தில் சித்தி கூடுதலாகத் தடவிக்கொண்டு உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்தாள். மறுநாள் ராத்திரி அவள் கை கிடந்த கிடையை அன்னக்கனி பார்த்தாள். நீர் கோத்த கொப்புளம், வெந்துபோன நிறம். விசிறிவிட்டதுகூட அவள்தான்.

பார்த்திருக்கிறேன். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெயிலை இழுக்கும் என்று ஒரு மனுஷி என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு போய் வெயிலைத் தடுக்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் முகத்தில் பூசச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம் என்றால் தெரிந்துதானே இருந்தது, உள்ளே எங்கேயோ கிடந்ததே, கூப்பிட்டபோது வராமல் இப்போது வந்து என்ன செய்ய. விதையின் பேர் அன்றைக்கு அவளுக்குத் தெரியாது, எண்ணெய் என்று மட்டும்தான் தெரியும். வாடை தெரியுமே, ஊறப்போடும்போது இந்த மூக்கு எங்கே போயிருந்தது? ஒருவேளை அதுவாக இருக்காது என்று மனசு திரும்பக் கிளம்பியது. கேரட்டாக இருக்கலாம். வேர்வையாக இருக்கலாம். டாக்டரே சொல்லிவிட்டாரே. டாக்டரிடம் தடவவில்லை என்றல்லவா சொன்னார்கள், அவர் பாவம் வேறு என்ன சொல்வார். கண்ணைக் கட்டிவிட்டு வழி கேட்டால் யார்தான் சரியாகச் சொல்வார்கள். சரி, சொல்லாமல் விட்டால்? புண் ஆறிவிடும், சித்திக்கும் ஆறியது, தழும்பு கொஞ்ச நாள் இருந்து போனது. யாருக்கும் தெரியாது. பிள்ளை என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள், வடிவு என்னைப் பாவம் என்கிறாள், என் பேருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் தன் தோலே தனக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். மட்டையைப் பிடித்தால் அந்தக் கையில் அப்படி ஒரு நிதானம் வரும், எதிராளி பந்தோடு வரும்போது அவள் அசையாமல் நிற்பாள், கடைசி நொடியில் மட்டையை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அது எல்லாம் போகும். சாயங்காலம் தம்பி ஒரு போன் போட்டால் முடிந்தது. அடுப்பை அணைத்தாள். கிண்ணத்தில் உருகினதைத் தூக்கிக் குப்பையில் ஊற்றக்கூடத் தோன்றவில்லை, அப்படியே விட்டுவிட்டு சுபியின் நம்பரைப் போட்டாள். எடுத்தது வடிவு.

"கையெல்லாம் கட்டு மதினி, நான்தான் எடுக்கேன். சொல்லுங்க." "வடிவு, அது வெயில் இல்ல. நான்தான்." "என்ன மதினி?" "அவ க்ரீம் போட்டிருக்கா. போடலன்னு உன்கிட்ட பொய் சொல்லியிருக்கா, நீ என்னைய வைவன்னுட்டு. இந்தத் தடவை அதுல நான் கார்போகரிசி எண்ணெய சேத்துட்டேன். அதத் தடவிக்கிட்டு வெயில்ல நின்னா தோலு வெந்துரும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாமச் செஞ்சிட்டேன். டாக்டர்கிட்ட உடனே சொல்லு, அந்த டப்பாவத் தூக்கித் தூரப் போடு." சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இப்போது விழும். பாவி, என் பிள்ளை மூஞ்சியில திராவகத்த ஊத்திட்டியே என்று விழும், வடிவு வாயைத் திறந்தால் சாதாரணமாகவே தெருவுக்குக் கேட்கும், விழட்டும், எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். விழவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் குழாய் சொட்டுகிற சத்தம், பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "இத வேற யார்கிட்டயும் சொன்னீங்களா மதினி?" "இல்ல." "உங்க தம்பிகிட்ட?" "இல்ல, உன்கிட்டதான் மொதல்ல." "அப்போ சொல்லாதீங்க."

அன்னக்கனிக்குக் காதில் விழுந்தது, ஆனால் புரியவில்லை. எனக்காகச் சொல்கிறாள் போல என்று நினைத்தாள், நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது, எவ்வளவு பெரிய மனசு. "அப்படியெல்லாம் மறைக்க வேண்டாம் வடிவு, நான் வந்து..." "நான் சொல்றதக் கேளுங்க," என்றாள் வடிவு. "டாக்டர்கிட்ட நான் தனியாப் போயி சொல்லிக்கிடுதேன். மருந்து மாத்தணும்னா மாத்தட்டும். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. காலையில அவளே மட்டையைக் கொண்டாந்து, பரண் மேல போட்டுரும்மான்னு சொல்லிட்டா மதினி. நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தியும் நடக்காதது. இனி யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவளே அடங்கிட்டா. வெயில்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரே பொண்ணு. உங்க பேரும் கெடாது. அவளுக்கு எப்பவும் போல நீங்க நல்ல அத்தையாவே இருப்பீக." குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது, அழுகிறாளோ என்றுகூட இருந்தது. அன்னக்கனி இவ்வளவு நேரம் அடிவாங்கக் குனிந்து நின்றவள், அடி வராமல் அப்படியே நின்றாள். தான் செய்தது ஒன்று. அது கை தவறியது. இது கை தவறவில்லை, இது ஒரு தாய் கண்ணைத் திறந்துகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறது. ஆனால் அவளைத் திட்ட இவளுக்கு வாய் எங்கே இருக்கிறது? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி வீட்டு வாசல் தீபாவளிக்குத் திறந்திருக்கும், பொங்கலுக்குத் திறந்திருக்கும், பிள்ளை அத்தை அத்தை என்று கட்டிக்கொள்ளும். நாக்கு நுனியில் அந்தச் சரி வந்து நின்றது, வரவில்லை என்று பொய் சொல்லக் கூடாது, நின்றது. பிள்ளைக்கு உண்மை தெரிந்தால் அந்தக் கட்டிக்கொள்ளல் போகலாம், வீங்கின முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறபோதெல்லாம் அத்தைதான் ஞாபகத்துக்கு வருவாள், வரட்டும். வடிவு இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், சத்தியம் என்றாள், பெரியவுக நீங்க என்றாள்.

"போனை சுபிகிட்ட குடு," என்றாள் அன்னக்கனி.

"மாத்திரை போட்டு இப்பத்தான் தூங்குதா மதினி. பாவம், விடிய விடியத் தூங்கல."

"எழுப்பு."